நாலு விரல் இடைவெளி

ஒரு கருவியை நன்றாகப் பழகி வைத்திருப்பவனைப் போல ஆபத்தான ஆள் வேறில்லை. அடுத்த கருவியும் தனக்குத் தெரிந்ததுதான் என்று அவன் எடுத்துக்கொள்வான். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் மோட்டார் சைக்கிளில் ஏறி வேலிக்குள் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. என் கதையில் சைக்கிளுக்குப் பதிலாக ஒரு தியோடலைட். மோட்டார் சைக்கிளுக்குப் பதிலாக, எருமையைக்கூட மடக்கிப் போடும் ஒரு மக்னம் துப்பாக்கி. வேலிக்குப் பதிலாக என் நெற்றி.

நான் நில அளவையாளன். கொழும்பிலும் பிறகு மெல்பேர்ணிலும் என் இளமை முழுவதும் தியோடலைட்டின் பின்னால் குனிந்தபடியே போயிற்று. முக்காலியில் நிற்கும் அந்தச் சின்னத் தொலைநோக்கியில், இமைமயிர் உரசும் அளவுக்குக் கண்ணை ஒட்டிவைத்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு குறுக்குக் கோடுகள் தெரியும். அவை இலக்கின்மேல் விழுந்த கணத்தில் வலக்கை விரல் தானாகப் போய்த் திருகாணியை இறுக்கும். (நித்திரையில்கூட என் விரல் அப்படி அசைவதாகப் பின்னாளில் மனைவி சாட்சி சொல்லியிருக்கிறாள்.)

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங்கில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்தில் யோகேஸ்வரி என்ற ஆங்கில ஆசிரியையை எனக்குப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். நான் அவளைப் பார்த்ததில்லை, அவளும் என்னைப் பார்த்ததில்லை. ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம் இங்கிருந்து போனது, ஒரு படம் அங்கிருந்து வந்தது. மீதியைக் கடிதங்கள் பார்த்துக்கொண்டன.

கடிதம் எழுதுவதில் நான் சூரன் அல்ல. இன்று மழை, நேற்றும் மழை, நாளையும் பெய்யும் போலிருக்கிறது, உருளைக்கிழங்கு விலை ஏறிவிட்டது, இப்படிக்கு அன்புள்ள சண்முகநாதன். இவ்வளவுதான் எனக்கு வரும். ஒருநாள் அவளிடமிருந்து பதில் வந்தது. சுகம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘அங்கே மழையையும் உருளைக்கிழங்கையும் தவிர வேறொன்றும் நடப்பதில்லையா?’

அந்த வரியை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பெண் கடல் கடந்து வந்து, என்னோடு ஒரு மாலைப்பொழுது பேசிப் பார்த்துவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பிப் போகப்போகிறாள் என்று உறுதியாக நம்பினேன். அவள் வருவதற்கு முன் என் வாழ்க்கையில் ஏதாவது நடந்தாக வேண்டும். சொல்வதற்கு ஒரு கதை, ஒரேயொரு கதை வேண்டும்.

கதை கெவினின் ஜீப்பில் வந்தது. கெவின் எங்கள் அளவைக் குழுவின் தலைவர். விடுமுறை கிடைத்தால் மலைக்குப் போய் மான் வேட்டையாடுவார். கூடப் போவது அவருடைய அயலவர் லெஸ், இறைச்சிக்கடைக்காரர். “கலியாணத்துக்கு முன்னால் ஒருதடவை எங்களோடு வா, ஷான்” என்று கெவின் கேட்டபோது, யோகேஸ்வரி வந்து இறங்க ஐந்து நாட்களே இருந்தன. துப்பாக்கியோடு நிற்கும் ஒரு படம் என் கண்முன்னே தோன்றியது. உடனே சரியென்றேன். (எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையில் முட்டை என்ற சொல்லைக்கூடச் சத்தமாகச் சொல்வதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை வெள்ளிக்கிழமை பின்னேரம் வேட்டைக்குக் கிளம்பினேன்.)

மெல்பேர்ணுக்குக் கிழக்கே கிப்ஸ்லாண்ட் மலைகளில் திரியும் பெரிய மான் வேறெதுவுமில்லை, நம்முடைய மரைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துரைமார் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் ஏற்றிவந்து இங்கே விட்டார்களாம். ஜீப்பில் போகும்போது கெவின் இதைச் சொன்னதும் எனக்கு என்னவோ செய்தது. யன்னலுக்கு வெளியே வானம் வரை போகும் மரங்கள், அவற்றின் காலடியில் குடை விரித்த பன்னச் செடிகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பால் ஊற்றியதுபோலப் பனி. இந்தப் பனிக்குள் எங்கேயோ எங்கள் ஊர்க்காரர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்தேன்.

பொழுது சாயும் நேரம் ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தோம். கெவின் ஒரு தோட்டாவை என் உள்ளங்கையில் வைத்தார். நடுவிரல் நீளம், பித்தளை, அடியில் ஒட்டியாணம் கட்டியதுபோல ஒரு பட்டி. முன்னூற்று முப்பத்தெட்டு மக்னம் என்றார். பேரே ஒரு வட்டாரத் தபாலிலக்கம் மாதிரி இருந்தது.

“வடக்கே எருமை வேட்டைக்குப் போனபோது வாங்கினேன்” என்றார் கெவின். “ஒரே சூட்டில் எருமை விழுந்தது. ஆனால் என் தோள் ஒரு வாரம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மனைவிதான் சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட்டாள்.”

“அது பரவாயில்லை” என்றார் லெஸ். “நான் அதை முதன்முதல் சுட்டபோது என் மேல்வரிசைப் பொய்ப்பல் பறந்துபோய் ஆற்றில் விழுந்தது. மானை விட்டுவிட்டுப் பொழுதுபடும்வரை பல்லைத்தான் தேடினோம்.”

“கிடைத்ததா?” என்று கேட்டேன்.

“இதோ” என்று கழற்றிக் காட்டினார்.

பிறகு கெவின் துப்பாக்கியின்மேல் பூட்டியிருந்த தொலைநோக்கியைக் காட்டி, “கண்ணுக்கும் இதற்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விட வேண்டும். பின்னால் உதைக்கும்” என்று தன் விரல்களை மடிக்காமல் வைத்து அளந்து காட்டினார். நான் பெரிய மனிதனைப் போலத் தலையாட்டினேன். கண்ணைத் தூரத்தில் வைப்பது கருவிக்குப் பழகாத கத்துக்குட்டிகளுக்கான யோசனை என்று நினைத்தேன். லெஸ் பல் வைத்தியரிடம் போக வேண்டியவர், நானோ கண்ணாலே உழைத்துச் சாப்பிடுகிறவன்!

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். ஒரு விழுந்த மரத்தின் பின்னால் என்னைப் படுக்க வைத்து, மாப்பிள்ளைக்குத்தான் முதல் மரியாதை என்று துப்பாக்கியைக் கையில் தந்தார் கெவின். பாதுகாப்புப் பூட்டையும் அவரே விலக்கிவிட்டார். எனக்குச் சுடும் எண்ணமே இல்லை. படம் எடுக்கும் வரை சும்மா படுத்திருப்பதாகத்தான் திட்டம்.

அப்போது எதிர்க் கரையில் பனி மெல்ல விலகியது. மரை நின்றது.

அதற்கு முன்பும் பின்பும் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. ஈரம் சொட்டும் பிடரி, ஒருமுறை அசைந்து நின்ற காது, மூக்கிலிருந்து புறப்பட்ட ஆவி. அது தண்ணீரைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது. எனக்கு உடம்பு இருப்பதே மறந்துபோனது. இன்னும் கிட்டப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பழக்கதோஷம், கண்ணைக் கொண்டுபோய்த் தொலைநோக்கியில் ஒட்டினேன். உள்ளே எனக்கு நன்கு பழகிய குறுக்குக் கோடுகள்! அவை மரையின் தோளில் ஆடி, அசைந்து, மெல்ல வந்து நின்றன. வலக்கை விரல் தன்பாட்டில் திருகாணியைத் தேடிப் போயிற்று.

திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் விசை இருந்தது.

சத்தம் கேட்டதாக ஞாபகம் இல்லை. யாரோ மலையைத் தூக்கி நெற்றியில் வைத்ததுபோல இருந்தது. கண்ணைத் திறந்தபோது மல்லாந்து கிடந்தேன். மேலே மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று சுற்றி மெதுவாக நடனமாடின. முறிந்த கொப்பிலிருந்து இலைகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், என்மேல் இறங்கிக்கொண்டிருந்தன. குண்டு மரையைவிட்டு எங்கேயோ மேலே போயிருந்தது. தலையைத் திருப்பினால் எதிர்க் கரையில் மரை அப்படியே நின்றது. ஒரு ரோமம் குறையவில்லை.

“எந்த ஊர்?” என்று நான் கேட்டேன்.

“வன்னிப் பக்கம்” என்றது மரை. “வந்து கனகாலம். நீர்?”

“யாழ்ப்பாணம். குளிர் பழகிட்டுதே?”

“பழகும். ஆனா மழைதான் பெரிய கரைச்சல்.”

(நான் தரையில் கிடந்து தமிழில் பேசிக்கொண்டிருந்ததை கெவினும் லெஸ்ஸும் உறுதிப்படுத்தினார்கள். மரை பேசியதை அவர்கள் கேட்கவில்லை. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.)

தொலைநோக்கியின் வளையம் வலப் புருவத்துக்கு மேலே அரைவட்டமாக வெட்டியிருந்தது. மலையடிவாரத்து ஆசுபத்திரியில் தைத்துக்கொண்டு திங்கட்கிழமை தில்லையம்பலம் அங்கிள் வீட்டுக்குப் போனேன். யோகேஸ்வரி வந்து தங்கவிருந்த வீடு அது. கதவைத் திறந்த அன்ரி அப்படியே நின்றுவிட்டார். நெற்றியில் பெரிய கட்டு. இரண்டு கண்ணும் வீங்கி, சுற்றிலும் நாவற்பழ நிறம்.

“ஐயோ கடவுளே, என்ன கோலமிது! ஆரோடை அடிபட்டனீர்? நாளையிண்டைக்குப் பெட்டை வந்து இறங்குறாள்!”

நடந்ததைச் சொன்னேன். அன்ரி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வேட்டை, துவக்கு எண்டு மட்டும் வாயைத் திறவாதையும். கார்க் கதவு அடிச்சதெண்டு சொல்லும். விளங்குதோ?”

கதை வேண்டும் என்று மலைக்குப் போனவனுக்குக் கடைசியில் மிஞ்சிய கதை, கார்க் கதவு!

விமான நிலையத்தில் நாங்கள் மூவரும் நின்றோம். பச்சைச் சேலையில் பெட்டியோடு வந்த யோகேஸ்வரி அங்கிளுக்கும் அன்ரிக்கும் கைகூப்பினாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்:

“நீங்கள் அவரின்ரை தமையனோ?”

“இல்லை... நான்தான்” என்றேன். “கார்க் கதவு அடிச்சுப்போட்டுது.”

அங்கிளின் காரில் ஏறும்போது அவள் கதவைத் திறந்து, மூடி, உயரத்தைப் பார்த்து, மறுபடி திறந்தாள். அந்தக் கதவு என் நெஞ்சளவுதான் வரும். வீடு போய்ச் சேரும்வரை அவள் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் அன்ரி என்னைத் தனியே கூப்பிட்டார். “தகப்பனுக்கு எழுதப் போறாளாம். ஒரு கிழமை பாத்துப்போட்டுத்தான் முடிவு சொல்லுவாளாம். குடிச்சுப்போட்டு அடிபடுற ஆளெண்டு நினைக்கிறாள் போல.” அந்த வாரத்து நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வெட்கமும் பயமும் சேர்ந்து என்னைத் தின்றன. படத்தில் பார்த்ததைவிட அவள் நேரில் இன்னும் அழகாக இருந்தாள், அது வேறு.

சனிக்கிழமை பின்னேரம் அங்கிள் வீட்டு வரவேற்பறையில் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தபோது மணி அடித்தது. வாசலில் பூங்கொத்தோடு கெவினும், அவர் பின்னால் லெஸ்ஸும். காயம் விசாரிக்க வந்திருந்தார்கள். நான் கண்ணால் காட்டிய எந்தச் சைகையும் அவர்களுக்கு விளங்கவில்லை. (வீங்கிய கண்ணால் காட்டிய சைகை யாருக்குத்தான் விளங்கும்?)

“மக்னம் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்?” என்று ஆரம்பித்தார் லெஸ். யோகேஸ்வரி ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டாள், மக்னம் என்றால் என்ன என்று. அவ்வளவுதான். லெஸ் அன்ரியின் குடையை வாங்கிக் கம்பளத்தில் குப்புறப் படுத்தார். நான் கண்ணை ஒட்டியது, விரல் திருகாணி தேடியது, மல்லாந்தது எல்லாவற்றையும் நடித்தார். கடைசியாக மேலே பார்த்துக் கிடந்தபடி, தமிழ் என்று அவர் நினைத்த ஏதோவொரு மொழியில் மரையோடு பேசினார். அந்த வேகத்தில் மேல்வரிசைப் பல் கழன்று கம்பளத்தில் விழுந்தது.

யோகேஸ்வரி சிரித்தாள். வாயைப் பொத்திச் சிரித்தாள், பொத்த முடியாமல் சிரித்தாள், கடைசியில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு ஓடினாள். நான் பின்னால் போனேன்.

“கார்க் கதவெண்டனீங்கள்.”

“ஓம்.”

“ஏன் போனனீங்கள் உந்த வேலைக்கு?”

“வேற ஒண்டும் நடக்கிறேல்லையோ எண்டு எழுதினீங்கள். உங்களுக்குச் சொல்ல ஒரு கதை வேணுமெண்டுதான்...”

அவள் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். “எனக்கு நாலு இடத்திலை பேசினவை. எல்லாரும் தாங்கள் பெரிய ஆக்கள் எண்டு எழுதினவை. நீங்கள் ஒராள்தான் மழையும் உருளைக்கிழங்கும் எழுதினது. உது வீட்டிலை அடங்கி இருக்கிற மனிசன் எண்டு நினைச்சுத்தான் நான் ஓமெண்டனான். அந்த வரி சும்மா பகிடிக்கு எழுதினது. அதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கொண்டு வந்து நிக்கிறியள்!”

எனக்கு நெற்றி வலித்தது. அதற்குக் கீழே எல்லாம் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது.

“அப்பாவுக்கு எழுதிட்டீங்களோ?” என்று கேட்டேன்.

“இனித்தான் எழுதவேணும்” என்றாள். “மழை எண்டு எழுதுறன்.”

அங்கிள் வீட்டு வரவேற்பறையில்தான் கலியாணம். ஐயர் கிடைக்காத காலம், தேவாரம் தெரிந்த ஒரு டொக்டர் நடத்தி வைத்தார். “சிவபெருமானுக்குச் சடையிலை பிறை, எங்கடை மாப்பிள்ளைக்குப் புருவத்திலை” என்று அன்ரி வந்தவர்களுக்கெல்லாம் என் காயத்தை விளக்கினார். படம் பிடிக்க வந்த கெவின் எங்களை இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். யோகம் (யோகேஸ்வரியை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) முகத்தை மாற்றாமல் எங்கள் இருவருக்கும் நடுவே நாலு விரலை நீட்டினாள். அந்தப் படம்தான் எங்கள் சுவரில் தொங்குகிறது. லெஸ் பரிசாகக் கொடுத்தது, நான் சுட்ட தோட்டாவின் வெறுங்கோது, மினுக்கித் துடைத்தது. அது எங்கள் சாமித் தட்டில் ஊதுபத்தி குத்தும் பாத்திரமாக இன்றுவரை இருக்கிறது. ஒரு மரைக்கும் தீங்கு செய்யாத தோட்டா என்பதால் சாமிக்கும் ஆட்சேபணை இருக்காது.

இப்போது என் கண் மங்கிவிட்டது. பத்திரிகையை முகத்தோடு சேர்த்துப் பிடித்தால் எந்த அறையிலிருந்தாவது, “நாலு விரல், அப்பா!” என்று ஒரு குரல் வரும். பிள்ளைகளின் தமிழில் மிச்சமிருப்பவற்றில் அது பிழையில்லாமல் வரும் ஒரு வசனம். பனி இறங்கும் காலைகளில் யன்னலருகே நிற்கும்போது, வேலிக்கு அப்பால் ஒரு காது அசைந்து நிற்பதாகச் சிலவேளை எனக்குத் தோன்றும். ஊர் விசாரிக்க வாய் எடுப்பேன், பிறகு விட்டுவிடுவேன்.

விருந்தாளிகள் வந்தால் இந்தக் கதையைச் சொல்வது யோகம்தான். என்னைச் சொல்ல விடமாட்டாள். என் வாழ்க்கையில் நடந்த ஒரேயொரு சம்பவம் அது, அதுவும் இப்போது அவளுடையது. குப்புறப் படுப்பது தவிர மற்றதெல்லாம் நடித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் மெதுவாக என் பக்கம் திரும்பி, “இஞ்சருங்கோ, இந்தக் கிழமை உருளைக்கிழங்கு என்ன விலை?” என்று கேட்பாள்.

நான் சரியாகச் சொல்வேன்.