பெட்டிக்குள் அடங்காத தேவதாஸ்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. மணக்குள விநாயகர்மேல் சத்தியம். போதாதென்றால், இதை எனக்குச் சொன்னவர் யார் என்று பாருங்கள்: தேவதாஸ் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பொய் சொன்னால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதையும் அவரேதான் சொன்னார். கடைசி வரி மட்டும் வேறொருவர் சொன்னது.

புதுச்சேரி முதலியார்பேட்டை மண்டபத்தில் கல்யாண வரவேற்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. மேடை ஓரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த கமலக்கண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. திரையில் சிவப்பு எழுத்து:

‘தேவதாஸ் எந்தக் குடும்பத்திலும் இல்லை.’

அவன் செய்த செயலியின் வேலை எளிது. வாசலில் பெயர் சொன்னால் போதும்; யார் என்ன உறவு, யார் முதலில் மேடையேறிப் போட்டோ எடுத்துக்கொள்வது என்று பெரிய திரையில் வரிசையாகக் காட்டும். மாமன், மச்சான் சண்டைக்கு இடமே இல்லை.

“இன்னிக்கு ஒரு சண்ட இல்லாம முடிச்சிக் குடு. வருசம் பூரா என் மண்டபத்துல உன்னுதுதான்” என்றிருந்தார் மண்டப உரிமையாளர் கோவிந்தராசு.

“இதுவும் ஊத்திக்கிச்சின்னா மூட்டையக் கட்டிக்கினு சென்னை வேலைக்கே கெளம்பு” என்றிருந்தாள் மனைவி சரிதா.

கமலக்கண்ணன் நிரல் எழுதுகிறவன் இல்லை, வரைகிறவன். ‘ஆள்’ என்று ஒரு பெட்டி, ‘குடும்பம்’ என்று ஒரு பெட்டி, நடுவில் ஒரு கோடு. பொத்தானை அழுத்தினால், படத்தைப் பார்த்து நிரலை மாடலிங் மென்பொருளே எழுதிக் கொடுத்துவிடும். விதி ஒன்றுதான்: ஒவ்வோர் ஆளும் ஏதாவது ஒரு குடும்பத்துக்குள் இருந்தாக வேண்டும்.

தேவதாஸோ முன் வரிசையில் இருந்தார். கோட்டும் சூட்டுமாக ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார்.

கமலக்கண்ணன் அவரைப் பெண் வீட்டுப் பெட்டியில் போட்டான். பெண்ணின் அம்மா தனக்கொடி ஓடிவந்தாள்.

“ஏம்பா, எங்க பக்கம் இப்படி ஒருத்தர் கெடையாதே! மாப்ள ஊட்டுக்காரரு அவரு.”

“அவரையே கேட்டுடட்டுமாம்மா?”

“ஐயையோ! பிரான்சுலேருந்து வந்த பெரிய மனுசர நீ யாருன்னு கேப்பியா? சம்பந்தி ஊட்டுல காறித் துப்புவாங்க!”

மாப்பிள்ளை வீட்டுப் பெட்டிக்கு மாற்றினான். மாப்பிள்ளையின் அப்பா கிருஷ்ணசாமி வந்து காதைக் கடித்தார்.

“பொண்ணு ஊட்டு சொல்தா தம்பி அவரு. பிரெஞ்சுப் பட்டாளத்து ஆளு, பென்சன் வாங்குறாரு. கேட்டுகீட்டுத் தொலைச்சிடாத, கோச்சிக்கினு போயிடுவாரு.”

கமலக்கண்ணன் விடுகிற ஆள் இல்லை. நேராகக் கேட்காமல் தேவதாஸிடம் போய்க் குனிந்தான்.

“ஐயா, பொண்ணு மாப்ள ரெண்டு பேர்ல யார ரொம்ப நாளாத் தெரியும்?”

“பொன்ழூர் தம்பி” என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தார். “ரெண்டையும் இத்துணூண்டுல தூக்கி வெச்சிருக்கேன்!”

அப்படியானால் இரண்டு பக்கமும்! விதியை மாற்றினான்: ஓர் ஆள் இரண்டு குடும்பத்திலும் இருக்கலாம். பொத்தானை அழுத்தினான்.

தேவதாஸுக்கு மட்டும் என்று அவன் சொல்லவில்லை. மென்பொருள் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரையும் இரண்டு குடும்பத்திலும் சேர்த்தது. பெரிய திரையில் வந்தது:

‘மணமகள் தாமரைச்செல்வி: மணமகன் நெடுமாறனின் தங்கை.’

நாதஸ்வரம் பாதியில் நின்றது. தனக்கொடி நாற்காலியில் சாய்ந்தாள். யாரோ சோடா உடைத்தார்கள்.

கோவிந்தராசு பாய்ந்து வந்தார். “சண்டதான்டா வேணாம்னேன்! நீ கல்யாணத்தையே வேணாம்னுட்டியேடா!”

“அஞ்சு நிமிசம் குடுங்கண்ணே.”

பல்லைக் கடித்துக்கொண்டு பழைய விதியைத் திரும்பப் போட்டான். பிறகுதான் அந்த யோசனை வந்தது. ஆள் குடும்பத்துக்குள் அடங்கவில்லையா? சரி, குடும்பங்கள் ஆளுக்குள் அடங்கட்டும்! எல்லாவற்றுக்கும் மேலே ‘மூத்தவர்’ என்று ஒரு புதுப் பெட்டி வரைந்து, அதற்குள் இரண்டு குடும்பங்களையும் வைத்தான். பெட்டிக்குத் தேவதாஸ் என்று பெயர் கொடுத்தான். அழுத்தினான்.

சிவப்பு எழுத்து மறைந்தது. ‘இரு வீட்டாருக்கும் மூத்தவர், தேவதாஸ்’ என்று திரை மின்னியது.

அவர் சம்பந்தி வீட்டுப் பெரியவர் என்றே இரு வீட்டாரும் நினைத்தார்கள். அவரைத் தாங்கள் மதித்துவிட்ட பெருமை இரண்டு பக்கமும் இருந்தது. நாதஸ்வரம் மறுபடி கிளம்பியது. தேவதாஸ் மேடையேறினார். பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள். முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு.

கோவிந்தராசு கமலக்கண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வருசம் பூரா உன்னுதுதான்டா!”

கமலக்கண்ணன் பந்தி ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டான். “சரிதா, சென்னைக்குப் போவ வேணாம்! இந்த மென்பொருளுக்குத்தான் புத்தியே இல்ல. பிரான்சுலேருந்து வந்த தேவதாஸ் ஐயாவப் போயி எந்தக் குடும்பத்துலயும் இல்லன்னிச்சு!”

அந்த மண்டபத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் பரிமாறுகிற செம்மல், சாம்பார் வாளியோடு போனவன், நின்று திரும்பினான்.

“பிரான்சா? விழுப்புரத்தத் தாண்டினதில்ல சார் அவரு. போன முகூர்த்தத்துல வேற ஒரு மாப்ளைக்குத் தாத்தாவா வந்திருந்தாரு.”