ஒன்பதாவது ஆள்

குடிசனத்தாரைப் போல நம்பிக்கை வறண்ட ஒரு மனிதரை இந்த எழுபத்தெட்டு ஆண்டுகளில் நான் கண்டதில்லை. அவரைப் போலப் பிறப்புச் செய்திக்காக ஏங்கிய மனிதரையும் கண்டதில்லை. இவ்விரண்டும் ஓருடம்பில், அதுவும் நாற்பத்தெட்டுக் கிலோவைத் தாண்டாத உடம்பில், எவ்வாறு இடம்பிடித்துக்கொண்டன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் அவர் வீடு. எதிர்வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பதாண்டு காலம் குடிசன மதிப்பு எனப்படும் மக்கட்கணக்கெடுப்பின் தாள்களைக் கூட்டிக் கழித்து ஓய்வுபெற்றவராதலால் ஒழுங்கை முழுவதும் அவரைக் 'குடிசனம்' என்றே குறிப்பிட்டது. முகத்துக்கு நேரே மட்டும் மரியாதைக்காக ஓர் 'ஆர்' சேர்த்துக்கொண்டது. அவருடைய இயற்பெயரைத் தபாற்காரரே மறந்துவிட்டிருந்தார்.

ஓய்வுபெற்ற மறுநாளே அவர் நாட்டின் குடிசனத்தைக் கைவிட்டுத் தம் குடும்பத்தின் குடிசனத்தைப் பிடித்துக்கொண்டார். குடும்பம் என்பது அவருக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் வழித்தோன்றல் அனைத்தும். அவர்களுட் சிலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்தனர். சிலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அகப்பட்டுக்கிடந்தனர். மற்றையோரை யுத்தம் ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் ஊதித் தள்ளிவிட்டிருந்தது. இவர்களுள் எவளேனும் கருவுற்றாள் என்று காதில் விழுந்தால், பிள்ளை பிறக்கவேண்டிய திகதியில் சுவர்க் கலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். பிள்ளை பிறந்து அழுத பின்னரே தாம் வைத்திருந்த பதிவேட்டில் மையால் ஒரு வரி எழுதுவார்: பெயர், நாள், நேரம், ஊர், எடை. புள்ளிக்கும் வரிக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் உண்ணமாட்டார், உறங்கமாட்டார் என்று சொன்னால் அது மிகை. பிறரை உண்ணவும் உறங்கவும் விடமாட்டார் என்பது மெய்.

கூடத்துச் சுவரில், கட்டமிட்ட தாளில், அவர் வரைந்த கோடொன்று மேலிருந்து கீழே சரிந்துகொண்டிருந்தது. பாட்டனாருக்குப் பதினொரு பிள்ளைகள். அந்தப் பதினொருவருக்குத் தலைக்கு ஐந்து. அடுத்த தலைமுறைக்குத் தலைக்கு இரண்டுதானும் தேறவில்லை. அவரோ மனைவியை இழந்தவர், மகப்பேறு இல்லாதவர். கோடு சரிந்ததில் தமக்கும் பங்குண்டு என்பதை மறையாது, தம் பெயருக்கு நேரே ஒரு பூச்சியத்தையும் போட்டிருந்தார்.

"இப்பிடியே போனால் நாலாம் தலைமுறையோடை எங்கட சங்கதி சரி, பண்டிதர். நான் வகுத்துப் பார்த்தனான். மிச்சம் வரேல்லை" என்பார். நான் பண்டிதன் அல்லேன். அலுவலகங்களில் மொழிபெயர்த்துக் காலம் தள்ளியவன். ஆயினும் அவருக்கு நான் பண்டிதரே, எனக்கு அவர் 'ஐசே'.

"ஐசே, உலகம் முழுக்க இதே கதைதானே."

"உலகத்துக்கு நான் பொறுப்பில்லை."

திருமண மண்டபங்களுக்கு அவரை அழைக்காமல் இருக்கவும் இயலாது, அழைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் இயலாது. அட்சதை போட்ட கையோடு மணமகன் காதருகே குனிவார். "தம்பி, மூண்டு. ரெண்டெண்டால் அது உங்கட ரெண்டு பேருக்கும் பதில் ஆள். லாபமில்லை, நட்டமுமில்லை. மூண்டாவதுதான் எங்களுக்கு." புகைப்படங்களில் மணமகன்மார் ஏன் அத்தனை பேரும் ஒரே விதமாக விழிக்கிறார்கள் என்று பின்னாளில் அந்தந்த வீட்டார் வியந்திருக்கக்கூடும்.

ஞாயிறுதோறும் காலையில் காலி வீதியில் இருந்த தொலைபேசிக் கடைக்குப் போவார். வெளிநாட்டு அழைப்புக்கு உரத்துப் பேசினால்தான் கேட்கும் என்பது அவர் கொள்கை. ரொறொன்ரோவில் இருந்த, மருமகள் முறையான ஒரு பெண்ணிடம், மணமாகி ஐந்தாம் மாதத்தில், கடையில் பதினைந்து பேர் வரிசையில் நிற்க அவர் கேட்ட வினாவை நான் இங்கே எழுதத் துணியேன். கடைக்கார முஸ்லிம் நானா வெலவெலத்துப் போனார்.

"சேர், உள்ளுக்குக் கண்ணாடிக் கூடு ஈக்கி. அதுக்குள்ள போய்ப் பேசுங்களே. பொம்பளப் புள்ளயளும் நிக்கிது."

"நான் களவாக ஒண்டும் கேக்கேல்லையே நானா."

மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டிருந்தது. வீடு திரும்பியதும், கலண்டரின் ஓரத்தில், 'தகவல் மறுக்கப்பட்டது' என்று குறித்தார்.

ஒருமுறை, சலிப்பு மேலிட, நான் கேட்டேன்: "இவ்வளவும் எழுதுறீர். செத்தவையை எங்கை எழுதுறீர்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை எழுத நாட்டிலை கனபேர் இருக்கினம், பண்டிதர். பத்திரிகை இருக்கு, வானொலி இருக்கு, கம்பத்திலை நோட்டீஸ் இருக்கு. இதுக்கு நான் ஒராள்தான்."

அந்நாட்களில்தான் வசந்தி வந்து சேர்ந்தாள். அவருடைய காலஞ்சென்ற அக்காவின் மகள். கணவன் லண்டனில், இவளை அழைப்பதற்கான கடதாசிகள் எந்த மேசையிலோ உறங்கிக்கொண்டிருந்தன. அவன் இடையில் கொழும்புக்கு வந்து ஒரு மாதம் தங்கிப் போனதன் பயனாக அவள் மூன்றாம் முறை கருவுற்றிருந்தாள். முன்னைய இரண்டும் தங்கவில்லை என்பதற்கு மேல் எவரும் எதுவும் பேசுவதில்லை. அவள் வரவால் வீட்டில் ஆட்கள் எட்டாயினர்: குடிசனத்தார், அவருடைய தங்கை, தங்கையின் கணவர், அவர்களுடைய மூன்று மக்கள், விதவையான ஓர் ஒன்றுவிட்ட தமக்கை, வசந்தி.

வியப்பு யாதெனில், வசந்திக்காக அவர் கலண்டரில் புள்ளி வைக்கவில்லை. மாதம் எத்தனை என்று வினவவில்லை. அவள் கூடத்தைக் கடக்கும்போது பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மனிதர் ஒருவாறு திருந்திவிட்டார் என்று நான் எண்ணியது என் பேதைமை.

தமிழர் வீடுகளில் தங்கியிருப்போர் அனைவரையும் பொலிசில் பதியவேண்டும் என்பது அக்காலத்து விதி. படிவத்தைக் குடிசனத்தார் தாமே நிரப்பினார். முத்து முத்தான தமிழில், ஒன்பதாவது வரியில், பின்வருமாறு எழுதினார். பெயர்: இன்னும் இடப்படவில்லை. வயது: பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மாதம். அடையாள அட்டை: எடுக்கவில்லை. தொழில்: இல்லை. கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்: பிறப்பதற்கு.

பொலிஸ் நிலையத்தில் படிவத்தை வாங்கியவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அடியில் இருந்த 'மொத்தம் 9' என்ற இலக்கத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்திவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் எங்கள் ஒழுங்கை சுற்றிவளைக்கப்பட்டது. குடிசனத்தார் வீட்டில் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, படிவத்தோடு வந்த சார்ஜன்ட் ஒருவர் விரல்விட்டு எண்ணினார். எட்டு. மீண்டும் எண்ணினார். மீண்டும் எட்டு.

"நவவெனி எக்கெனா கோ?" என்றார். ஒன்பதாவது ஆள் எங்கே.

கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். நீர்த்தொட்டிக்குள் பார்த்தார்கள். சிங்களம் தெரிந்தவன் என்பதால் என்னை எதிர்வீட்டிலிருந்து அழைத்தார்கள். ஒன்பதாவது வரியை வாசித்ததும் படிவத்தை எழுதியவரிடமே நீட்டினேன். குடிசனத்தாரோ, மிக இயல்பாக, வசந்தியின் வயிற்றைச் சுட்டிக்காட்டினார்.

"விஹிளு கரன்ன எப்பா, சீயா" என்றார் சார்ஜன்ட். பகிடி விடாதே, கிழவா. பொலிசுக்குப் பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்காக அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். மொழிபெயர்க்கும் குற்றத்துக்காக என்னையும் ஏற்றினார்கள்.

நிலையப் பொறுப்பதிகாரி தீய மனிதர் அல்லர், களைத்த மனிதர். நான் மொழிபெயர்த்த ஒன்பதாவது வரியை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பின் பேனையை மேசைமீது உருட்டிவிட்டார். அந்த வரியைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் ஒப்பம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். இதைவிட மலிவாக ஒரு தமிழர் அந்நாட்களில் அந்த வாசலைக் கடந்து வெளியேறியதாக நான் அறியேன்.

"அடிக்கமாட்டன்" என்றார் குடிசனத்தார்.

நான் மன்றாடினேன். "ஒரு கோடு ஐசே. பிள்ளை பிறந்தாப் பிறகு வந்து திருப்பி எழுதுவம்."

"அடிக்கமாட்டன்."

"இவங்கள் உம்மை உள்ளுக்குப் போட்டால் ஆர் வந்து எடுக்கிறது? அங்கை அந்தப் பிள்ளை இந்த நிலையிலை நிக்குது. விசர்க் கதை கதையாதையும்."

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, அதிகாரிக்கல்ல, எனக்குச் சொன்னார்: "அவளின்ரை முதல் ரெண்டுக்கும் நான் புள்ளி வைச்சனான். ஒண்டு இடம்பெயர்ந்து ஓடேக்கை ரோட்டிலை போச்சு. மற்றது பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலை. பிறந்தால்தான் மையாலை எழுதுறதெண்டது என்ரை சட்டம். பிறக்கேல்லை, நான் எழுதேல்லை. வருசம் முடியக் கலண்டரைக் கழட்டி எறிஞ்சன். இண்டைக்கு அவள் வந்து, மாமா, எனக்கு ரெண்டு இருந்ததெண்டு எங்கையாவது கிடக்கோ எண்டு கேட்டால், காட்ட ஒரு துண்டுக் கடதாசி என்னட்டை இல்லை. அதுதான் இந்தமுறை முந்தியே எழுதினனான். அரசாங்கத்தின்ரை கடதாசியிலை, அரசாங்கத்தின்ரை முத்திரையோடை. எழுதினதை என்ரை கையாலை அடிக்கச் சொல்லாதையும்."

இதை நான் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதிகாரி பேனையை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். சட்டத்தின்படி, ஒன்று வரி போகவேண்டும், அல்லது ஆள் வரவேண்டும். வரி போகாதாயின், ஆள் வரும்வரை கிழவர் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

இரண்டு நாள் இருந்தார். காலையும் மாலையும் நான் இடியப்பப் பார்சலோடு போவேன். கம்பிக்கு அப்பால் வாங்கில் அமர்ந்திருந்த அவர், உடன் அடைபட்டிருந்த இளைஞர்களிடம் உங்களுக்குச் சகோதரர் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களுள் ஒருவன் என்னைக் கண்டு, "ஐயா, இவரைக் கெதியா வெளியிலை எடுங்கோ. பொலிஸே இவ்வளவு கேள்வி கேக்கேல்லை" என்றான்.

வசந்தி செய்தி அனுப்பினாள்: "மாமாவை அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"அவள் நினைக்கமாட்டாள். நான் நினைப்பன்" என்றார் அவர்.

மூன்றாம் நாள் விடிந்ததும், நாள் நிறையுமுன்னரே, அவளுக்கு நோக்காடு கண்டது. முச்சக்கர வண்டியில் தங்கையும் நானுமாகக் கொண்டுபோனோம். சோதனைச்சாவடியில் மறித்தார்கள், அவள் எழுப்பிய ஒலியைக் கேட்டு அவர்களே தடையைத் தூக்கினார்கள். மருத்துவமனை விறாந்தையில் நான்கு மணி நேரம் நின்றேன். நடப்பது தவறினால் அந்த மனிதரிடம் போய் எந்தச் சொல்லால் சொல்வது என்று, வாழ்நாள் முழுவதும் சொற்களையே நம்பிப் பிழைத்த நான், தேடிக்கொண்டே நின்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நண்பகலில் உள்ளிருந்து ஓர் அழுகை கேட்டது. அது வசந்தியின் அழுகை அல்ல.

மருத்துவமனை எழுதித் தந்த துண்டுக் கடதாசியோடு நிலையத்துக்குப் போனேன். அதிகாரி அதைப் படிவத்தின் அருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஆள் வந்துவிட்டது, இனி வயதைத் திருத்தச் சொல் என்றார். குடிசனத்தார் பேனையை வாங்கி, 'பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மாதம்' என்பதில் பூச்சியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினார்.

"எத்தினை இறாத்தல்?" என்றார் என்னிடம்.

"நாலே கால்."

"நிறை காணாது" என்றார். கண்ணைத் துடைத்தவாறே சொன்னார்.

பெண்குழந்தை. ஒன்பதுபேர் வீட்டில் அவள் ஒன்பது மாதம் இருந்தாள். பின்னர் மேசையில் உறங்கிய கடதாசிகள் விழித்துக்கொண்டன. தாயும் மகளும் லண்டன் போயினர். படிவத்தில் ஏழு. தங்கையின் மகன் ஏஜென்சிக்காரனைப் பிடித்து சுவிஸ் போனான், ஆறு. பெண்மக்கள் இருவரும் மணமாகி ரொறொன்ரோ போயினர், நான்கு. பெற்றோரை அவர்கள் அழைத்துக்கொண்டார்கள், இரண்டு. ஒன்றுவிட்ட தமக்கை திருச்சியில் மகனோடு இருக்கப் போனாள். பதிவேட்டில் மட்டும் வரிகள் கூடிக்கொண்டே போயின. போன இடங்களிலெல்லாம் பிள்ளைகள் பிறந்தன. ஞாயிறுதோறும் தொலைபேசிக் கடையில் அவர் கத்திக்கொண்டுதான் இருந்தார். எனினும் சுவரில் இருந்த கோட்டைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த படிவம் வந்தபோது நான் அவர் வீட்டில் இருந்தேன். தம் பெயரை எழுதினார். அடியில் 'மொத்தம்' என்ற சொல்லுக்கு நேரே பேனையைக் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். மை ஊறித் தாளில் ஒரு பொட்டு விழுந்தது.

"பொறும் ஐசே" என்றேன். "என்ரை அறை மழைக்கு ஒழுகுது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இஞ்சை வரலாமெண்டு யோசிக்கிறன். என்னையும் போடும்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பெயரை, முதலெழுத்துப் பிசகாமல், இரண்டாம் வரியில் எழுதினார்.

எதிர்வீட்டு அந்தப் பின்னறையில் நான் பதினோராண்டு குடியிருந்தேன். எந்த மழைக்கும் அதற்குள் ஒரு துளி நீர் இறங்கியதில்லை.