நூற்றெழுபத்திரண்டு சைவக்காரரும் ஒரு கேக்கும்

கலியாணத்துக்கு முன் மூன்று வருடம் நான் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். வட்டி, பின்னம், பரப்பளவு எதிலும் என்னிடம் ஒருவரும் பிழை பிடித்ததில்லை. ஒரே ஒரு கழித்தல் கணக்கில்தான் தவறினேன். அதையும் வீட்டுக்குள் இரகசியமாகத் தவறியிருந்தால் பரவாயில்லை. பந்தல் போட்டு, சோடினை கட்டி, இருநூற்றுப் பத்துப் பேரைக் கூட்டி வைத்துத் தவறினேன்.

உலகச் சண்டை தொடங்க இரண்டு மூன்று வருடம் முந்திய கதை இது. நான் மருமகளாகப் புத்தூருக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மாமா, அதாவது என் கணவரின் தகப்பனார், மலாயாவில் இருபத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்து பென்சனோடு வீட்டுக்கு வருகிறார். கடிதத்தில் ஒரு சின்ன ஆசையும் எழுதியிருந்தார். அங்கே யாருக்குப் பிரியாவிடை என்றாலும் கேக் வெட்டுவார்களாம். தான் வந்து சேரும் நாளிலும் வீட்டில் ஒரு கேக் வெட்ட வேண்டுமாம்.

மாமி பழுத்த சைவம். முட்டை அந்த வளவுக்குள் வந்ததே கிடையாது. ஆனால் புருஷன் கேட்டதை மறுக்கவும் மனம் வரவில்லை. நான் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் கேக் செய்யப் பழகியவள் என்று என் கணவர் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். (விடுதியில் நான் பழகியது முட்டை அடிக்க மட்டும். மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.)

எனக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. திரும்பி வரமுடியுமா என்று பெரிய ரீச்சர் இரண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். மாமி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேக் கதை வந்த அன்றுதான் வாய் திறந்தார்.

"உந்த அலுவலை ஒரு குறையில்லாமல் செய்து காட்டு பிள்ளை. பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைப்பம். ஆனால் முட்டை என்ரை குசினிக்குள்ளை வரப்படாது."

"ஓம் மாமி" என்றேன். அன்றைக்குப் பள்ளிக்கூட மணிச் சத்தம் எனக்குக் காதில் கேட்டது.

உடனே கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அழைத்தவர்கள் இருநூற்றுப் பத்துப் பேர். மாமா வந்து இறங்குவதோ வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் எங்கள் ஊரில் யார் மீன், இறைச்சி என்று மச்சம் தொடுவார்கள்? முட்டை போட்ட கேக்கும் மச்சம்தானே? சைவக்காரரை எல்லாம் கழித்தேன். தீட்சை கேட்டவர்கள், கோயில் காரியம் பார்ப்பவர்கள், விரதக்காரர், அவர்களுடைய வீட்டுக்காரர் என்று ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டுக்கொண்டு போனேன். நூற்றெழுபத்திரண்டு பேர் கழிந்தார்கள். மிச்சம் முப்பத்தெட்டுப் பேர்: என் பழைய பள்ளிக்கூடத்து ரீச்சர்மார், மாமாவோடு மலாயாவில் வேலை செய்த மயிலிட்டிக் கத்தோலிக்கரின் குடும்பம், யாழ்ப்பாணப் பட்டணத்துப் புடைவைக் கடை முஸ்லிம் முதலாளியின் வீட்டார், இப்படிச் சிலர்.

ஒரு இறாத்தல் மா, ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் பட்டர், பத்து முட்டை. நெருப்புப் பெட்டி அளவில் வெட்டினால் நாற்பது துண்டு வரும். முப்பத்தெட்டுப் பேருக்குப் போக இரண்டு மிச்சம். கொப்பியில் விடையின் கீழே இரட்டைக் கோடு போட்டேன். அவ்வளவு திமிர்.

கணவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இன்னும் இரண்டு இறாத்தல் கூடப் போட்டால் என்ன என்று கேட்டார். மிஞ்சினால் இந்தச் சைவ வீட்டில் யார் தின்பது, மாட்டுக்கா வைப்பது என்று மடக்கினேன். மனுஷன் முட்டை அடிக்கப் போய்விட்டார். குசினிக்குத்தானே தடை, அதனால் வண்டில் கொட்டிலில் சாக்கை விரித்து அடித்தோம். இரண்டு எருதுகளும் அசை போடுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

வீட்டில் கேக் சுடப் போறணை அடுப்பு இல்லை. சந்தியில் இருந்த பாண் பேக்கரிப் போறணைக்குத் தட்டத்தைக் கொண்டுபோனோம். எத்தனை பேருக்கு என்று பேக்கரிக்காரர் கேட்டார். இருநூற்றுப் பத்து என்றேன். அவர் தட்டத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் என் கழித்தலை விளக்கினேன். படிக்காத மனுஷனுக்கு விளங்கவேண்டுமே என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

"தங்கச்சி, என்னட்டைக் கேக் வாங்கிறவையிலை அரைவாசிப் பேர் பின்படலையாலை வந்து துணியாலை மூடிக்கொண்டு போறவை" என்றார் அவர்.

யாவாரக்காரர் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் கிடைத்த மிக நல்ல புத்திமதி அது. அதைத்தான் கேட்காமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமாவும் வந்தார். பந்தல் நிறையச் சனம். ஒரு பக்கம் வடையும் பாயாசமும் வாழைப்பழமும் மலையாகக் கிடந்தன. நடுவில் மேசையில் என் கேக், வெள்ளைச் சீலை விரிப்பின் மேல். கொப்பியில் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கணக்குச் சரி என்று தைரியமாக நின்றேன்.

மாமா கத்தியை எடுத்து முதல் துண்டை வெட்டினார். தனக்கு மாலை போட்ட பெரிய மனிதர் யாருக்காவது கொடுப்பார் என்று பார்த்தால், நேரே மாமியிடம் போனார்.

"இருபத்தெட்டு வருஷம் தனிய இருந்து இந்த வீட்டைப் பாத்தனீர். முதல் துண்டு உமக்குத்தான்" என்றார்.

மாமி தலையைக் குனிந்தபடி நின்றார். வெள்ளிக்கிழமை, விரதம், முட்டை எல்லாம் அவர் முகத்தில் ஓடியதை நான் கண்டேன். பிறகு வாயைத் திறந்தார். மென்றார். கண்ணை மூடினார். கண்ணில் நீர் நின்றது. அந்த நிமிஷம் என் கணக்கு என் நினைவிலேயே இல்லை.

நினைவு வர அதிக நேரம் ஆகவில்லை. மாமி கண்ணைத் திறந்து, கையை நீட்டி, தானாகவே இன்னொரு துண்டு எடுத்தார்.

அவ்வளவுதான். மாமியே சாப்பிட்டால் பிறகு யாருக்கு என்ன தடை? நூற்றெழுபத்திரண்டு சைவக்காரரும் ஒன்றாக எழும்பினார்கள். கோயில் காரியம் பார்க்கும் பெரியவர்தான் முதல் ஆள். துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதிலை முட்டை எங்கை பிள்ளை? எனக்கெண்டால் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டார்.

தீட்சை கேட்ட இன்னொருவர் பேத்திக்கு என்று கேட்டு வாங்கினார். அதே பேத்தியைத் தூக்கிக்கொண்டு நாலு தரம் வந்தார். நாலாம் தரம் பிள்ளை "எனக்கு ஒண்டும் தரேல்லை" என்று அழுதது. நான் நெருப்புப் பெட்டித் துண்டை இரண்டாக வெட்டினேன். பிறகு நாலாக. பிறகு சீட்டு விளையாட்டில் போல, யாருக்குப் போட்டேன் என்று தெரியாமல் போட்டேன். கடைசியில் தட்டத்தில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டினேன். அதற்கும் ஒரு விரதக்காரர் கை நீட்டினார்.

நிமிர்ந்து பார்த்தேன். யாருக்காகக் கணக்குப் பார்த்துச் செய்தேனோ, அந்த முப்பத்தெட்டுப் பேரும் மரியாதையாகத் தங்கள் முறை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். மயிலிட்டிக் குடும்பம் வடை சாப்பிட்டது. முதலாளி வீட்டார் வாழைப்பழம் உரித்தார்கள். என் பெரிய ரீச்சர் பாயாசக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். வெறும் தட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. பள்ளிக்கூடம் அத்தோடு போயிற்று என்று கொட்டிலுக்குள் போய் எருதுகளுக்கு முன்னால் நின்று அழுதேன்.

மாமி தேடிக்கொண்டு வந்தார். கும்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போ. ரெண்டாந் துண்டு நானாய் எடுத்ததை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

இருநூறு பேர் கண்டதை நான் யாருக்குப் போய்ச் சொல்ல? தலையை ஆட்டினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். முதல் பாடம் கழித்தல்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், "சைவக்காரருக்கு ரெண்டு துண்டு" என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். முதலில் தொடங்கியவர் என் கணவர்தான்.

பல வருடம் கழித்து என் மகளின் கலியாணம் வந்தது. கேக்குக்கு நான் கொப்பியை எடுக்கவும், மாமி அதைப் பறித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஆட்களை மட்டும் கேட்டார். மச்சக்காரர் நூறு பேர், சைவக்காரர் முந்நூறு பேர் என்றேன்.

"அப்ப எழுநூறு துண்டு" என்றார் மாமி.

மனதுக்குள் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.