கன்வேயர் அண்ணனுக்கு ஒரு ரிலீவர்

நெய்வேலியில் குறட்டை விடுகிற ஆண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவரின் குறட்டை நின்றதும் தெருவே எழுந்து உட்கார்ந்தது என்றால், அது எங்கள் கன்வேயர் அண்ணனுக்கு மட்டும்தான். சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அவர் ஆபரேட்டர். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது, சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை. அவர் குவார்ட்டர்ஸுக்கும் என் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரே சுவர். அதில் நான் அடித்த ஆணி எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை.

உட்கார்ந்தால் போதும், மனிதர் தூங்கிவிடுவார். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே தூங்கியவர், பாயசம் விழுந்த பிறகு எழுந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னா இது, ரசத்த இவ்ளோ இனிப்பா வெச்சிருக்கானுங்க" என்று அலுத்துக்கொண்டார்.

ஆனால் டியூட்டியில் ஒரு நாளும் கண்ணயர்ந்ததில்லை. எட்டு மணி நேரமும் நின்றபடியே இருப்பார். "உக்காந்தாதான தம்பி தூக்கம் வரும்?" என்பார். நைட் ஷிஃப்டில் தூங்கி மெமோ வாங்குவது அவருக்குப் பிக்பாக்கெட் அடித்து மாட்டுவதைவிடக் கேவலம்.

அண்ணிக்குத்தான் நிம்மதி இல்லை. தடதடவென்று போய்க்கொண்டிருக்கும் குறட்டை சட்டென்று நிற்கும், கூடவே மூச்சும். அண்ணி அவரைப் பிடித்து உலுக்குவார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் எழுந்து உட்கார்ந்திருப்பேன். மறுபடி சத்தம் கிளம்பிய பிறகுதான் எனக்கே மூச்சு வரும்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, நல்லாத்தான தூங்கிகினு இருக்கேன்னு சொல்றாரு தம்பி. தூங்குறவருக்கு என்னா தெரியும்? பக்கத்துல பயந்துகினு உக்காந்திருக்கறவ நானு" என்று ஒருநாள் அழுதுவிட்டார். செல்போனில் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டச் சொன்னேன்.

அண்ணன் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். "ரோலர்ல பேரிங் போயிருக்கு" என்றார். பிறகு சத்தம் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "பெல்ட்டு நின்னுடுச்சு. எவன் டியூட்டில இருந்தான்? உடனே பாக்கச் சொல்லு, இல்லன்னா ஒரேயடியா படுத்துடும்."

"அது நீங்கதாங்க" என்றார் அண்ணி.

அடுத்த வாரமே பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனைக்குத் தேதி வாங்கினோம். ஒரு ராத்திரி முழுக்க அங்கே போய்த் தூங்க வேண்டும், மூச்சு எப்போது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மெஷின் எழுதிக்கொள்ளும். துணைக்கு நான். அண்ணன் டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில், காலில் சேஃப்டி ஷூ சகிதம் வந்து சேர்ந்தார்.

தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டிய டெக்னீஷியன் பெண்ணிடம், "எர்த் குடுத்திருக்கியாம்மா?" என்று விசாரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே, "கேமராவுல நான் பாத்துக்கிட்டே இருப்பேன் சார். நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றது.

அங்கேதான் கெட்டது காரியம். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. பந்தியில் தூங்கிய மனிதர் மெத்தையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். "இவர் தூங்கலன்னா இன்னொரு நாள்தான் சார் வரணும். ரெண்டு மாசம் ஆகும்" என்றது அந்தப் பெண். இரண்டு மாதம் அண்ணி தாங்குவாரா? அண்ணனே தாங்குவாரா?

உள்ளே போய், "என்னண்ணே?" என்றேன்.

"மேல கேமரா, ஒடம்பெல்லாம் கேபிளு. சார்ஜ்ல நான்தான இருக்கேன்? அப்பிடியே வுட்டுட்டு எப்பிடிப்பா படுக்கறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து பொறுப்பேற்காமல் யாரும் மெஷினை விட்டு நகர மாட்டார்கள், அடைமழை கொட்டினாலும் சரி. நான் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே வந்தேன். "ரிலீவர் வந்துட்டேண்ணே. சார்ஜ் குடுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. "தலையில ஒயரு, மார்ல ரெண்டு பட்டை, விரல்ல ஒரு கிளிப்பு. ஏ.சி. கொஞ்சம் சத்தம் போடுது. மத்ததெல்லாம் நார்மல்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மூச்சு நின்னா பாத்துக்குவியா?" என்றார்.

"பாத்துக்கறேண்ணே."

தலையணையில் தலை படுவதற்குள் பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. விடியும்வரை அது நின்றபோதெல்லாம் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "எல்லாம் பதிவாகுது சார், நீங்க உக்காருங்க" என்று அந்தப் பெண் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனது.

டாக்டர் மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். அதை மாட்டியதிலிருந்து குறட்டையும் இல்லை, மூச்சு நிற்பதும் இல்லை. அண்ணி பல வருஷத் தூக்கத்தை ஒரே மாதத்தில் தூங்கித் தீர்த்தார்.

அண்ணன் ரிடையராகிக் குறிஞ்சிப்பாடிக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. தினமும் காலையில் போன் செய்து, "எல்லாம் நார்மலாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் நான் காபி குடிக்கிறேன். அன்று ஆஸ்பத்திரியில் எழுந்ததும் அவர் என்னிடமிருந்து சார்ஜைத் திரும்ப வாங்க மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.