கிளோவரண்ணே அரிவாளைக் கட்டிப்போட்ட மாதம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலேயே என் பசுவிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் கிளோவரண்ணேதான். என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்போது நான் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் வரிசையில் ஆறு வீட்டில் மாடு. ஆறுக்கும் தீவனம், அவர் ஆற்றோரத்தில் விளைத்த கிளோவர். ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு பஞ்சாபிக்காரர் கொடுத்த விதை. மூன்று மூன்று இலையாகத் தழைக்கும். அறுக்க அறுக்கத் துளிர்க்கும்.

முந்தின வருஷம் எங்கள் கெஞ்சலுக்கு இரங்கி ஓர் அறுப்பு கூடுதலாக அறுத்துவிட்டார். பூ பிந்தி வந்து மழையில் மாட்டியது. பூத்தலையைக் கசக்கினால் வெறும் உமி. பழைய விதை ஒரு டின் மிச்சமிருந்தது. அதைத்தான் இந்த முறை முழுக்க விதைத்திருந்தார். இதுவும் பொய்த்தால் பயிரே இல்லை.

ஆகவே இரண்டாம் அறுப்போடு அரிவாளைத் துணியில் சுற்றிக் கயிறு கட்டி என் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்.

"கிராணியாரே, நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

"மாடு என்னண்ணே திங்கும்?"

"லாலான் புல்லு திங்கட்டும். இனி அறுத்தா விதை கெடைக்காது லா!"

பால் பாதியானது. காப்பி கறுத்தது. அவர் தொழுவத்துக்கு வந்து, "தங்கச்சி, மன்னிச்சுரு" என்று பசுவின் நெற்றியைத் தடவினார். நான்காம் நாள் அவரே வாசலில் நின்றார்.

"அரிவாளைக் குடுங்க. ஒரே ஒரு மூலை மட்டும்."

"நீங்களே கேட்டாலும் குடுக்காதேன்னீங்களே?"

"அன்னிக்குச் சொன்னவனுக்கு ஈரமே இல்ல!"

என் மனைவி பரணுக்குக் கீழே முறத்தோடு நின்றுகொண்டாள். அண்ணே திரும்பிப் போனார்.

பூ வந்ததும் கொசுவுக்குப் புகை போடக்கூட விடவில்லை. "தேனீ ஓடிரும்!" வந்த தேனீக்களை மாப்பிள்ளை வீட்டாரைப் போலக் கும்பிட்டு வரவேற்றார்.

பூத்தலைகள் பழுத்துக் காய்ந்த அன்று மத்தியானமே மேகம் இருண்டது. அரிவாள் இறங்கியது. ஆறு வீடும் பாயும் பழஞ்சேலையுமாக ஓடினோம். கடைசிக் கட்டு கொட்டகைக்குள் நுழைய, மழை கொட்டியது.

அண்ணே ஒரு தலையைக் கசக்கி ஊதினார். உமி பறந்தது. உள்ளங்கையில் மஞ்சளாகப் பொடி மணிகள்.

"இருக்குங்க... இருக்கு" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விதையைத் தனக்கு எடுக்குமுன் வீட்டுக்கு ஒன்றாக ஆறு பொட்டலம் கட்டினார். என்னுடையதை அவிழ்த்துக் கொல்லையில் விதைக்க எனக்கு இரண்டு நாள் மனசே வரவில்லை. முடிச்சு அவர் கையால் போட்டது.