ஆற்றங்கரைத் தெருவில் ஓர் அந்நியர்

"தை பொறந்ததும் வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க அண்ணாச்சி," என்றாள் சொர்ணாம்பாள். "கிரயம் பேசி முடிச்சாச்சு."

தாணுமாலையன் கையிலிருந்த தினசரியை மடிக்கவில்லை. வீட்டுக்காரி பேசும்போது தினசரியை மடித்தால் அவளுக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும். சேரன்மகாதேவி ஆற்றங்கரைத் தெருவில், அவள் வீட்டுக்கு அடுத்திருந்த அவளுடைய இன்னொரு வீட்டில், ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். ஆறு வருடமும் ஒரே வாடகை. கூட்டிக் கேட்டால் ஓடு ஒழுகுகிறது என்பார். ஒழுகலை அடைக்க ஆள் அனுப்பினால் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

"யாருக்குப் பேசியிருக்கிய?"

"இங்ரிட் அம்மாவுக்கு."

இப்போது தினசரி தானாகவே மடிந்து மடியில் விழுந்தது.

இங்ரிட் அம்மா டென்மார்க்கிலிருந்து இளவயதில் வந்த நர்ஸ். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் பிரசவம் பார்த்தவள். தெருவில் பாதிப் பேர் உலகத்தில் முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வருடம் ஓய்வு பெற்றாள். ஆஸ்பத்திரி குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"நானும் ஒரு விலை சொன்னேன்லா ஆச்சி?"

"நீங்க சொன்ன விலைக்கு வாசப்படியும் கெணத்தடியும் வரும். வீடு வராது."

அவர் சொன்னது பாதி விலை. உள்ளே ஒருவன் குடியிருக்கும் பழைய வீட்டை வேறு எவன் வந்து வாங்கப்போகிறான் என்ற தைரியம். விதவை, மகள் விஜயஸ்ரீயோடு இருக்க மெட்ராஸுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறாள். காத்திருந்தால் கால் விலைக்கே வரும் என்று, கொக்கு மாதிரி இரண்டு வருடம் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்.

"எங்க தாத்தா பொறந்த தெரு ஆச்சி இது. இந்த ஆத்துல குளிச்ச பரம்பரை."

"தாத்தா குளிச்சிருப்பாவ. ஒங்களை நான் ஆத்துப் பக்கம் பாத்ததே இல்லியே. அந்தம்மா தெனமும் அக்கரைக்கு நீந்திட்டு வாராவ," என்று சொல்லிவிட்டு சொர்ணாம்பாள் போய்விட்டாள்.

அது உண்மைதான். தாணுமாலையனுக்குத் தாமிரபரணித் தண்ணீர் பட்டால் சளி பிடிக்கும். பினாங்குத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, ஐம்பத்தைந்தாவது வயதில் தாத்தாவின் தெருவைத் தேடி வந்தவர். வந்த நாள்முதல் தெருவில் உள்ள எதுவும் பினாங்குக்கு ஈடாகவில்லை. கோயில் வரி கேட்டால் கதவு சாத்தியிருக்கும். சிற்றலை வானொலியில் பினாங்குச் செய்தியைத் தேடிக் காதில் வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பென்ஷன் கடிதத்தின் வண்ணத் தபால்தலையையும், தங்கப் புலிகள் பொறித்த சிவப்புப் புத்தகம் ஒன்றையும் எடுத்துக் காட்டுவார். காப்பி மட்டும் கொடுக்க மாட்டார். முன்பெல்லாம் வருடம் ஒருமுறை அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய், அதில் ஒரு முத்திரை குத்தி வாங்கிவந்தார். ரயில் கட்டணம் தண்டம் என்று தோன்றியதால் இரண்டு வருடமாக அதையும் விட்டுவிட்டார்.

இந்த வீட்டை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. தனிக்கட்டைக்கு ஊரில் எவரும் வீடு தர மாட்டார்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒன்பது வாசலில் ஏறி இறங்கியபின், பரிதாபப்பட்டுக் கொடுத்தவள் சொர்ணாம்பாள்தான்.  அந்தப் பயத்தோடு ஒரு யோசனையும் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வீடு வாங்கக் கூடாது என்று தினசரியின் கேள்வி பதிலில் எப்போதோ படித்திருந்தார்.

மறுநாள் காலையில் தாலுகா அலுவலகத்து வேப்பமரத்தடியில் போய் நின்றார். அங்கே ஒரு தமிழ் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு ஊருக்கே மனு அடித்துக் கொடுப்பவர் அலி அக்பர்.

"சார்பதிவாளருக்கு ஒரு மனு அடிக்கணும் பாய். வெளிநாட்டு ஆளு ஒண்ணு நம்ம தெருவுல வீடு வாங்கப் பாக்கு. சட்டப்படி தப்பு."

அலி அக்பர் தாளைச் செருகினார். "யாரு பேரு போட?"

தாணுமாலையன் சுற்றுமுற்றும் பார்த்தார். இங்ரிட் அம்மாவின் பெயரைப் போட்டு, அது வெளியே தெரிந்தால் பால்காரன் பால் ஊற்ற மாட்டான். நாவிதன் பாதிச் சவரத்தில் எழுந்துபோய்விடுவான்.

"பேரு வேண்டாம். அந்நிய நாட்டு நபர் ஒருவர்னு மட்டும் போடும். அவங்க விசாரிச்சுக் கண்டுபிடிக்கட்டும்."

"எழுதுனவர் பேரு?"

"உண்மை விளம்பி."

"மொட்டைக் கடுதாசி," என்று அலி அக்பர் தமக்குள் சொல்லிக்கொண்டு அடித்துக் கொடுத்தார்.

மனு போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே அதன் பலன் தெரிந்தது. பெயரும் இல்லை, அடையாளமும் இல்லை என்று பதிவு அலுவலகத்தில் அதை ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் ஒதுக்கி வைத்த செய்தி டீக்கடைக்கு வந்து, டீக்கடையிலிருந்து இங்ரிட் அம்மாவின் காதுக்குப் போனது. யாரோ கிரயத்தைக் கலைக்கப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்ட அவள், அன்று மாலையே முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதி முன்பணமும் கொடுத்துவிட்டாள். அதுவரை வாய்ப்பேச்சாக இருந்தது, தாணுமாலையன் புண்ணியத்தில் கையெழுத்தாகிவிட்டது.

அவர் அசரவில்லை. பிள்ளையார் கோயிலில் கணக்குப் பார்க்கும் ஐயம்பெருமாளிடம் போனார்.

"வே, இது சைவத் தெரு. நாளைக்கே அந்தம்மா மாட்டுக்கறி பொரிச்சா வாடை எங்க போகும்? கோயில் இருக்குத தெருலா."

ஐயம்பெருமாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "அந்தம்மா முட்டைகூடத் தொட மாட்டாவ. என் வீட்டுக்காரி பிரசவத்துக்குப் பத்து நாள் எங்க வீட்டுலதான் சாப்பிட்டாவ, எனக்குத் தெரியும். அது கெடக்கட்டும். ஞாயித்துக்கிழமை தோறும் ஒம்ம அடுப்பாங்கரையில இருந்து ஒரு வாடை வருதே, அது என்னதுவே?"

"அது மருந்து," என்றார் தாணுமாலையன்.

அது மருந்தில்லை. பினாங்கிலிருந்து டப்பாவில் வரும் இறால் விழுது. ஆறு வருடமாக எலி செத்துக் கிடக்கிறது என்று ஓட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த தெரு, வாடை என்று அவரே பேச்செடுத்த பிறகுதான் மூக்கை அவர் வாசல் பக்கம் திருப்பியது. சாயங்காலம் சொர்ணாம்பாள் வந்து நின்றாள்.

"தை வரைக்கும் பொறுக்க முடியாது அண்ணாச்சி. மார்கழியில வீடு மாறக் கூடாது. அதனால கார்த்திகைக்குள்ள காலி பண்ணிருங்க."

கெடுவில் ஒரு மாதம் போயிற்று. தாணுமாலையன் இறங்கி வந்தார். மானத்தை விட்டு, முழு விலைக்கே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு மேலேயும் கொஞ்சம் தருவதாகச் சொன்னார். 

"இதைப் போன வருசம் சொல்லியிருந்தா ஒங்க பேருக்கே எழுதிக் குடுத்திருப்பேன்," என்றாள் அவள். "வாக்குக் குடுத்தாச்சு. இனி அந்தம்மா வேண்டாம்னு சொன்னாத்தான் உண்டு."

அந்தம்மா வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். அப்படியானால் அரசாங்கம் சொல்ல வேண்டும். மறுபடியும் வேப்பமரத்தடிக்குப் போனார். இந்த முறை மனு நேராக மாவட்டப் போலீஸ் அதிகாரிக்கு.

"அடையாளம் இல்லன்னுதானே மொத மனுவைத் தள்ளுனாங்க. இப்ப அடுக்கடுக்காப் போடும் பாய்," என்றார்.

"சொல்லுங்க. அந்தம்மா வீட்டுக்குள்ள போயிருக்கியளா?"

"நான் எதுக்குப் போகணும்? வெளிநாட்டு ஆளுன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா. உலகம் பாத்தவம்லா."

கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மேற்படி நபர் மணமாகாத தனிக்கட்டை. மாதம் தவறாமல் வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடிதங்கள் வருகின்றன. வெளிநாட்டு வானொலியைக் காதோடு வைத்துக் கேட்கிறார். ஊர்ப் பொதுக்காரியம் எதிலும் சேருவதில்லை. மனைவி மக்கள் இல்லாததால் நாளையே கதவைப் பூட்டிக்கொண்டு பறந்துவிடக்கூடியவர். இப்படிப்பட்டவருக்கு நம் மண்ணில் ஓர் அடி நிலமும் சொந்தமாகக் கூடாது.

அலி அக்பர் அடிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியளா? இதெல்லாம் அப்படியே போட்டுரவா?"

"ஏன், குறைச்சலா இருக்கா? கூடங்குளத்துல அணு உலை வரப்போகுதுன்னு பேச்சு இருக்கு. இந்த நேரம் பாத்து ஆத்தங்கரையில வீடு தேடுத மர்மம் என்னன்னும் ஒரு வரி சேத்துக்கிடும்."

"சேத்தாச்சு. இந்த அடையாளத்தை வச்சுத் தேடுனா போலீஸுக்கு ஆளு தப்பவே தப்பாது," என்றார் அலி அக்பர். அவர் அன்று கூலி வாங்கவில்லை. தம்முடைய தேசபக்தியை மெச்சித்தான் என்று தாணுமாலையன் எடுத்துக்கொண்டார்.

கார்த்திகை பிறந்து பத்தாம் நாள், தனிப்பிரிவு ஏட்டு கொம்பையா கையில் ஒரு கோப்போடு தெருவுக்குள் வந்தார். ஜீப் தெருமுனையில் நின்றது. அவர் விசாரித்துக்கொண்டு வந்து நின்றது தாணுமாலையன் வாசலில்.

வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று தாணுமாலையனுக்கு மனம் குளிர்ந்தது. வீடு விற்பனையாகும் வீடு. வாங்கப்போகிறவளோ உள்ளேயே இருக்கிறாள். இங்ரிட் அம்மா அன்று சொர்ணாம்பாளோடு வந்து, அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கே திரைச்சீலை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டிலிருந்து ஒரு வெளியாளுக்குக் காப்பி வந்தது. சர்க்கரைகூடத் தாராளமாகப் போட்டிருந்தார்.

"உக்காருங்க ஏட்டையா. ஆச்சி, நீங்களும் அந்தம்மாவும் கொஞ்சம் இங்கன வாங்க. ஏட்டையா ஏதோ கேக்கணும்கிறாவ."

இருவரும் வந்து நின்றார்கள். "என்ன கொம்பையா, ஒன் சின்ன மவனுக்கு இருமல் தேவலையா?" என்று கேட்டாள் இங்ரிட் அம்மா.

"தேவலம்மா," என்று கொம்பையா எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். போலீஸ்காரன் எழுந்து நின்றது தாணுமாலையனுக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம்தானே.

"எஸ்.பி. ஆபீஸுக்கு ஒரு மனு வந்திருக்கு. உண்மை விளம்பின்னு போட்டிருக்கு," என்றார் கொம்பையா. "ஒவ்வொண்ணா வாசிக்கேன். தெருவுல இருக்கவுகன்னு ஒங்ககிட்ட கேக்குதேன், உண்டா இல்லியான்னு சொல்லுங்க. அந்நிய நாட்டு நபர் ஒருவர் இந்தத் தெருவுல வீடு வாங்க முயற்சி பண்ணுதாரு."

"உண்டு," என்றார் தாணுமாலையன்.

சொர்ணாம்பாளும் தலையை ஆட்டினாள். "ஆமா, கேட்டாவ. முழு விலைக்கும் மேலயே தாரேன்னாவ."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று நினைத்துப் பார்க்க தாணுமாலையனுக்கு நேரம் இல்லை.

"மணமாகாத தனிக்கட்டை."

"உண்டு. ஊருக்கே தெரியும்."

"மாசாமாசம் வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டு ரேடியோ, ஊர்க்காரியத்துல சேருதது இல்ல."

"அத்தனையும் சத்தியம் ஏட்டையா. எழுதுனவன் யாரோ தெரியாது, ஆனா ஊர் மேல அக்கறை உள்ள மனுசன். ஒரு எழுத்துப் பொய் இல்ல. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன்."

"போடுங்க," என்று கொம்பையா கோப்பைத் திருப்பி நீட்டினார். தாணுமாலையன் துறைமுகக் குமாஸ்தாவின் கொடிபோன்ற எழுத்தில், நிதானமாக, புள்ளி வைத்துக் கையெழுத்திட்டார்.

"அப்புறம் என்ன, நடவடிக்கை எடுங்க," என்று இங்ரிட் அம்மா பக்கம் கையை நீட்டினார். "ஆளு அங்கனதானே நிக்கி."

இங்ரிட் அம்மா அளவு நாடாவைச் சுற்றியபடி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஜுரம் கண்டவனைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

கொம்பையா காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்து, தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அந்தம்மா நம்ம நாட்டுப் பிரஜையாகி இருவது வருசம் ஆச்சு, எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் மொத ஆளா வந்து ஓட்டுப் போடுதாவ, மனுவுல இருக்க அந்நிய நாட்டு ஆளு இந்தத் தெருவுலயே நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி, ரெண்டு வருசமா முத்திரை விழாத அந்தச் செவப்பு மலேசியா பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டுப் பைய வாங்க, ஜீப்பு நிக்கி."