ஆறு வேளைத் திட்டம்

இனி நாளைக்கு ஆறு வேளை சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன். எல்லாம் உடம்பைக் குறைக்கத்தான்.

சிரிக்காதீர்கள். நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். என் கடையில் முள்தான் ஓடும்; நான் ஓடமாட்டேன். ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கோ மாத்திரையைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் மனைவி மடித்து வைத்திருந்த பத்திரிகைத் தாள் கண்ணில் பட்டது. பாதிப் பக்கம்தான். "உடம்பு ஓர் அடுப்பு. அடிக்கடி விறகு வைத்தால் அணையாது. ஆறு வேளை சாப்பிட்டால் கொழுப்பு தானே கரைந்துவிடும்."

வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆணையிட்டேன்.

"இனிமே எனக்கு ஆறு வேளை!"

"சரிங்க."

அவள் உடனே சரி என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நம்ம பாப்பாவும் ஆறு வேளை சாப்பிடறா. சதையே போட மாட்டேங்கறாளே?"

"அதேதான்! அவ அடுப்பு நல்லா எரியுது!"

"அப்ப ஞாயித்துக்கிழமை அவ செய்யறதையெல்லாம் நீங்களும் செஞ்சு பாருங்க. அவ சாப்பிட்டா சாப்பிடுங்க, தூங்கினா தூங்குங்க."

சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள்!

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆளுக்குப் பாதி வாழைப்பழம்.

"இவ்வளவுதானா?"

"அவ பங்குதாங்க உங்களுக்கும்." சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் பதினோரு மாத எஜமானி கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். நானும் நுழைந்தேன். அவள் வெளியே வந்துவிட்டாள். நானும் வந்தேன், தொப்பை வரவில்லை. பதினாலு மாடிப்படி, நாலு காலில், ஏழு தடவை. அவள் கரண்டியை எறிவாள், நான் குனிந்து எடுப்பேன். எடுக்க எடுக்க எறிவாள். நடுவில் இரண்டு வேளை விருந்து: நாலு சின்னக் கரண்டி குழைந்த சோறு.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"மானத்தை!"

இரண்டு மணிக்குப் பாப்பா தூங்கினாள். பக்கத்திலேயே நானும் சுருண்டேன். கண் விழித்தால், எதிரே பளிச்சென்ற முகத்தோடு மனைவி.

"இந்தப் பதினோரு மாசத்துல இன்னிக்குத்தாங்க ஒரே மூச்சா அஞ்சு மணி நேரம் தூங்கினேன். அடுத்த ஞாயிறும் அடுப்பை எரிப்போமா?"

எரித்தோம். சாயங்காலங்களிலும் எரித்தோம். பாப்பா நடக்கப் பழகியதும் தெருத் தெருவாக எரித்தோம்.

மாதக் கடைசியில் சர்க்கரை இறங்கியிருந்தது. "மாத்திரை வேண்டாம். அப்படி என்னதான் செஞ்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு சட்டைப்பையிலிருந்த தாளை நீட்டினேன். "எல்லாம் இந்த ஆறு வேளைதான்!"

படித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "இதோட கீழ்ப்பாதி எங்க?"

கூட வந்திருந்த மனைவி கைப்பையைத் திறந்து, அழகாகக் கத்தரித்து வைத்திருந்த மீதியை எடுத்து என்னிடமே கொடுத்தாள்:

"இப்படி நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சோம்பேறிகளே! கைகால் அசைந்தால்தான் சர்க்கரை எரியும்."